தனித்து நின்ற மாகாணம்

அஸ்ஸாம் என்றால் நம் தென்னாட்டுக் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது தேயிலை. அதுவும் நம்மைப் போல் காப்பிக்கு அடிமைப்பட்டவர்களுடைய வீடுகளில், வந்த விருந்தாளி யாராவது "எனக்கு டீதான் பழக்கம்" என்று பிடிவாதம் பிடித்தால்தான் அஸ்ஸாமின் நினைவே வரும். அப்புறம், பூகோளப் புத்தகத்தில் படித்த பிரம்மபுத்திரா நதியும், காமாக்யா தேவி கோயிலும், வருஷா வருஷம் பத்திரிகைகளில் வரும் வெள்ளச் செய்தியும். இவற்றோடு நமது அஸ்ஸாம் ஞானம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இந்த அஸ்ஸாம் இந்தியாவோடு இருக்குமா, இராதா என்பது 1946-ஆம் ஆண்டில் ஒரு பெரிய கேள்வியாக இருந்தது. டில்லியில் இருந்த பெரிய தலைவர்களில் சிலர், "இருந்தால் நல்லது, ஆனால் அதற்காகத் தேசத்தின் சமரசப் பேச்சு முறிய வேண்டுமா?" என்று கூட யோசித்தார்கள். அப்போது ஷில்லாங்கிலிருந்து ஒரு மனிதர், "எங்களைக் கேட்காமல் எங்களை வேறொருவர் வீட்டில் குடிவைக்க நீங்கள் யார்?" என்ற பொருள்பட, மிகவும் மரியாதையாக, ஆனால் சற்றும் வளைந்து கொடுக்காமல் கேட்டார். அவர்தாம் கோபிநாத் பர்தோலாய். அவருடைய வாழ்க்கையைப் பற்றித் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இருக்கிறது என்பது நமது எண்ணம்.

ராஹாவிலிருந்து ஷில்லாங் வரை

பர்தோலாய் 1890-ஆம் ஆண்டில் நவகாங் ஜில்லாவைச் சேர்ந்த ராஹா என்ற சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டாவது வயதில் தாயை இழந்தார். கௌஹாத்தியில் காட்டன் கல்லூரியில் படித்தார். பிறகு கல்கத்தாவுக்குப் போய் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்தார். 1914-இல் கல்கத்தா சர்வகலாசாலையின் எம்.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் அஸ்ஸாமுக்கென்று ஒரு சர்வகலாசாலை கிடையாது, ஹைகோர்ட்டும் கிடையாது. பட்டம் வேண்டுமானாலும் கல்கத்தா. வழக்கில் அப்பீல் செய்ய வேண்டுமானாலும் கல்கத்தா. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வங்காளத்தின் நிழலில் வளர்ந்த ஒரு சிறு மாகாணத்தின் மனக்குறை, பர்தோலாயின் அரசியல் முழுவதற்கும் அடித்தளமாக இருந்தது.

சட்டம் மூன்று வருஷம் படித்தும் இறுதிப் பரீட்சை எழுதாமலே ஊர் திரும்பிவிட்டார். தேசபக்தர் தருணராம் புக்கனுடைய வேண்டுகோளின் பேரில் கௌஹாத்தி ஸோனாராம் ஹைஸ்கூலில் தற்காலிகத் தலைமை ஆசிரியராக அமர்ந்தார். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டப் பரீட்சையில் தேறி, 1917-இல் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழில் சூடுபிடிக்கும் சமயத்தில் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. 1921-இல் மகாத்மாஜி அஸ்ஸாமுக்கு விஜயம் செய்தார். மறு வருஷமே பர்தோலாய் சிறையில் இருந்தார். தண்டனை ஒரு வருஷம்.

வெளியே வந்தவர் உடனே மேடையேறிச் சிங்கநாதம் செய்தார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அப்படியில்லை. அவர் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார். 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், தேசமெங்கும் உப்புச் சத்தியாக்கிரகத்தின் பேரலை எழுந்தபோது கூட, அவர் முன்னணியில் நிற்கவில்லை. கௌஹாத்தி நகரசபையிலும் ஸ்தல ஸ்தாபனத்திலும் வேலை செய்தார். அஸ்ஸாமுக்குத் தனிச் சர்வகலாசாலையும் தனி ஹைகோர்ட்டும் வேண்டுமென்று வாதாடினார். தீவிரவாதிகள் இதை ஒரு குறையாகச் சொல்லலாம். சாக்கடை, சாலை, பள்ளிக்கூடம் என்ற சில்லறை விவகாரங்களில் பழகியதால்தான் பிற்காலத்தில் ஒரு மாகாணத்தை நடத்தும் சாமர்த்தியம் அவருக்கு வந்தது என்று நாம் நினைக்கிறோம்.

அபினியும் ஆட்சியும்

1937-இல் மாகாண சுயாட்சி வந்தது. அஸ்ஸாம் சட்டசபையில் 108 ஸ்தானங்கள். காங்கிரஸ் தனிப்பெருங் கட்சியாக வந்ததே தவிர மெஜாரிட்டி கிடைக்கவில்லை. ஹிந்துக்கள், முஸ்லிம்கள், மலைஜாதியினர், தேயிலைத் தோட்டத் துரைமார்கள், தோட்டத் தொழிலாளிகள் எனப் பல கூறாகப் பிரிந்து கிடந்த சபை அது. தோட்டத் துரைமார்களின் கோஷ்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மந்திரி சபை என்ற நிலை. ஸர் முகம்மது ஸாதுல்லா பிரதம மந்திரியானார். (மாகாண மந்திரி சபையின் தலைவருக்கு அப்போது பிரதம மந்திரி என்றுதான் பெயர்.) ஸாதுல்லா சாமானிய மனிதர் அல்ல. பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்ட நகலைத் தயாரித்த கமிட்டியில் அவரும் ஓர் அங்கத்தினராக இருந்தார். ஆனால் அவர் கட்டிய மந்திரி சபை பல கட்சிகளின் ஒட்டுப் போட்ட சட்டை, அடிக்கடி கிழிந்துகொண்டிருந்தது.

1938 செப்டம்பரில் அது அடியோடு கிழிந்தது. காங்கிரஸ் பிற கட்சிகளோடு சேர்ந்து மந்திரி சபை அமைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. மெளலானா ஆஸாத் தயங்கினார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் ஷில்லாங்குக்கே நேரில் வந்து, "அமைக்கத்தான் வேண்டும்" என்று உறுதியாக நின்றார். பர்தோலாய் பிரதம மந்திரியானார்.

அந்த மந்திரி சபை பதினான்கு மாத காலந்தான் இருந்தது. அதன் காரியங்களில் முதலாகச் சொல்ல வேண்டியது அபினி விலக்கு. அபினிப் பழக்கம் அஸ்ஸாமைப் பல தலைமுறைகளாக அரித்து வந்த பிணி. சர்க்காருக்கோ அது நல்ல வருமானம். 1925-இலேயே காங்கிரஸ் ஒரு விசாரணைக் கமிட்டி வைத்து, தீனபந்து ஆண்ட்ரூஸின் உதவியோடு அதன் கொடுமையை வெளிப்படுத்தியிருந்தது. பர்தோலாய் 1939-இல் மேல் அஸ்ஸாமின் சில பகுதிகளில் விலக்கை அமலுக்குக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை மறியல்களையும் சேலத்து மதுவிலக்கையும் அறிந்த தமிழர்களுக்கு, வருமானத்தை உதறிவிட்டு இப்படியொரு காரியம் செய்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே 1939-இல் திக்பாய் எண்ணெய்க் கிணறுகளில் நடந்த வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து தொழிலாளிகள் மாண்டார்கள். காங்கிரஸ் மந்திரி சபை இருந்தும் அந்நியக் கம்பெனியை வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. யுத்தம் மூண்டதும் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. பர்தோலாயின் நல்ல காரியங்களைச் சொல்லுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுவதுதான் நியாயம்.

யுத்தத்தில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதை எதிர்த்து 1939 அக்டோபர், நவம்பர் மாதங்களில் காங்கிரஸ் மந்திரி சபைகள் எல்லாம் ராஜிநாமாச் செய்தன. சென்னையில் ராஜாஜி விலகியதும் கவர்னர் ஆட்சி வந்தது. அஸ்ஸாமிலோ காலியான நாற்காலியில் ஸாதுல்லா மறுபடியும் வந்து உட்கார்ந்தார். சென்னையில் ராஜிநாமா ஒரு தியாகம். அஸ்ஸாமில் அது எதிர்க்கட்சிக்குக் கொடுத்த தானம்! பர்தோலாய்க்கு இது தெரிந்தே இருந்தது. ஆயினும் மேலிடத்துக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார். 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1942-இல் மறுபடியும் சிறை, 1944-இல் விடுதலை. சிறைவாசத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. அஸ்ஸாமிய மொழியில் ஸ்ரீ ராமச்சந்திரரைப் பற்றியும் புத்தரைப் பற்றியும் எழுதினார். முகம்மது நபியின் சரித்திரத்தையும் எழுதினார். "முஸ்லிம் விரோதி" என்று பின்னால் அவரை ஏசியவர்கள் உண்டு. அவர்கள் அந்தப் புத்தகத்தின் அட்டையையாவது பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

முப்பத்தாறும் முப்பத்துநான்கும்

1946-ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலைமை மாறியது. 108 ஸ்தானங்களில் காங்கிரஸ் 58-ஐக் கைப்பற்றியது. முஸ்லிம் லீகுக்கு 31. பிப்ரவரியில் பர்தோலாய் மீண்டும் பிரதம மந்திரியானார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருவதற்குள் பிரிட்டிஷ் மந்திரி தூதுகோஷ்டி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

மே மாதம் 16-ந் தேதி தூதுகோஷ்டி தன் திட்டத்தை வெளியிட்டது. பாகிஸ்தான் கிடையாது, இந்தியா ஒரே யூனியனாக இருக்கும். ஆனால் யூனியனுக்கு ராணுவம், அந்நிய விவகாரம், போக்குவரத்து இவற்றில் மட்டுமே அதிகாரம். மாகாணங்கள் ஏ, பி, ஸி என்று மூன்று பிரிவாக உட்கார்ந்து, தங்கள் தங்கள் மாகாண அரசியலையும், வேண்டுமானால் பிரிவுக்குப் பொதுவான அரசியலையும் வகுத்துக்கொள்ள வேண்டும். நமது சென்னை, பம்பாய், ஐக்கிய மாகாணம், பீகார், மத்திய மாகாணம், ஒரிஸா ஆகியவை 'ஏ' பிரிவில் சௌக்கியமாக உட்கார்ந்தன. சென்னைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆகையால் இந்தப் 'பிரிவு' விவகாரம் நம் ஊர்ப் பொதுக்கூட்டங்களில் அவ்வளவாகச் சூடு கிளப்பவில்லை. 'ஸி' பிரிவில் வங்காளமும் அஸ்ஸாமும் மட்டும்.

அரசியல் நிர்ணய சபைக்கு வங்காளத்திலிருந்து 60 பிரதிநிதிகள். அஸ்ஸாமிலிருந்து 10 பேர். வங்காளத்தின் அறுபதில் 33 முஸ்லிம் ஸ்தானங்கள். அஸ்ஸாமின் பத்தில் 3. ஆக, 'ஸி' பிரிவின் எழுபது பேரில் முஸ்லிம் ஸ்தானங்கள் 36, மற்றவை 34. பிரிவில் மெஜாரிட்டி வோட்டுப்படி தீர்மானம் என்றால், அஸ்ஸாமின் அரசியல் சட்டத்தை எழுதுவது முஸ்லிம் லீகின் கையில்தான். அஸ்ஸாமின் பத்துப் பேரில் ஏழு பேர் ஒருமுகமாக எதிர்த்தாலும் பயனில்லை.

"பிடிக்காவிட்டால் பின்னால் விலகிக்கொள்ளலாமே, திட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறதே!" என்று தூதுகோஷ்டியார் சொன்னார்கள். வழி இருந்தது வாஸ்தவம். புது அரசியலின்படி முதல் தேர்தல் நடந்த பிறகு, அந்த மாகாணச் சட்டசபை விரும்பினால் பிரிவைவிட்டு வெளியேறலாம். ஆனால் அந்தத் தேர்தலில் யார் யாருக்கு வோட்டு, தொகுதிகள் எப்படி என்பதையெல்லாம் யார் தீர்மானிப்பது? பிரிவேதான்! வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியையும் பூட்டியவன் மடியிலேயே வைத்துக்கொண்டு, "இஷ்டமில்லாவிட்டால் தாராளமாக வெளியே போகலாம்" என்று சொல்லுவது போலத்தான் இது. பர்தோலாய் வக்கீல் அல்லவா? ஷரத்தைப் படித்த மாத்திரத்தில் பொறி எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

ஜூலை 16-ந் தேதி அஸ்ஸாம் சட்டசபையில் அவரே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அஸ்ஸாமின் பிரதிநிதிகள் பத்துப் பேரும் தங்கள் மாகாண அரசியலைத் தாங்களே வகுக்க வேண்டும். அதற்காக வங்காளத்தோடு ஒரே பிரிவில் உட்காரக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. பர்தோலாய் இவ்வாறு டில்லியின் கைகளைக் கட்டிவிட்டார். அஸ்ஸாமின் பேரால் யாராவது எதையாவது விட்டுக்கொடுப்பதென்றால் இனி அந்தச் சட்டசபையின் முகத்தில் விழித்துத்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 6-ந் தேதி லண்டனிலிருந்து இடி விழுந்தது. பிரிவுகளில் மெஜாரிட்டி வோட்டுப்படிதான் முடிவு என்று பிரிட்டிஷ் சர்க்கார் திட்டவட்டமாக அறிவித்துவிட்டார்கள். காங்கிரஸ் மேலிடம் தர்ம சங்கடத்தில் ஆழ்ந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் லீக் அரசியல் நிர்ணய சபைக்கு வராது. பிரிட்டிஷார் காங்கிரஸின் மேல் பழி போடுவார்கள். ஒப்புக்கொண்டால் அஸ்ஸாமின் கதி என்ன?

இந்தச் சமயத்தில் பர்தோலாய் ஒரு காரியம் செய்தார். விஜய சந்திர பகவதி, மகேந்திர மோகன் சௌதரி என்ற இரண்டு காங்கிரஸ் ஊழியர்களை மகாத்மாஜியிடம் அனுப்பினார். மகாத்மாஜி அப்போது டில்லியில் இல்லை. வகுப்புக் கலவரத்தால் குலைந்து கிடந்த நவகாளியில், ஸ்ரீராம்பூர் என்ற கிராமத்தில் தங்கியிருந்தார். டிசம்பர் 15-ந் தேதி இருவரும் அங்கே அவரைக் கண்டார்கள்.

காந்தியடிகளின் பதில் தயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. அஸ்ஸாம் எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டு, பிரிவில் உட்காராமல் விலகிக்கொள்ள வேண்டும். காரியக் கமிட்டி என்ன சொல்லுமோ என்று காத்திருக்க வேண்டாம். அஸ்ஸாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு அதன் கதை முடிந்துவிடும். அவசியமானால் காங்கிரஸின் நன்மையை முன்னிட்டுக் காங்கிரஸையே எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்யலாம் என்பது அவர் கூறியதன் கருத்து. அந்த ஸ்தாபனத்தைக் கால் நூற்றாண்டாக நடத்தி வந்தவர், அதன் கட்டளையை மீறும்படி ஒரு சிறு மாகாணத்துக்கு உபதேசம் செய்தார்! இதைக் கேட்டுவந்து சொன்னபோது ஷில்லாங்கில் எவ்வளவு தெம்பு ஏற்பட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1947 ஜனவரி 5, 6 தேதிகளில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி டில்லியில் கூடியது. பிரிட்டிஷாரின் வியாக்கியானத்தை ஏற்றுக்கொள்வதென்றும், ஆனால் எந்த மாகாணத்தையும் கட்டாயப்படுத்தக் கூடாதென்றும், கட்டாயப்படுத்த முயன்றால் அந்த மாகாணம் தனக்கு உசிதமானதைச் செய்துகொள்ளலாம் என்றும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. தீர்மானத்துக்கு ஆதரவாக 99 வோட்டுகள், எதிராக 52. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் தீர்மானம் என்று முஸ்லிம் லீக் கருதியது. அது முற்றிலும் தவறான கருத்தும் அல்ல. ஜனவரி மாத முடிவில் கராச்சியில் கூடிய லீக், அரசியல் நிர்ணய சபையையே கலைக்க வேண்டுமென்றது. பிப்ரவரி 20-ந் தேதி அட்லி பிரபலமான தம் அறிக்கையை வெளியிட்டார். ஜூன் 3-ந் தேதி பிரிவினைத் திட்டம் வந்தது.

குற்றச்சாட்டு

இங்கே ஒரு கடினமான கேள்வியை நாம் தாண்டிச் செல்ல முடியாது. தூதுகோஷ்டியின் திட்டம் ஒன்றுதான் இந்தியாவைத் துண்டாக்காமல் காப்பாற்றக்கூடிய கடைசி வழியாக இருந்தது என்று சரித்திர ஆராய்ச்சியாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் திட்டம் கை நழுவியதற்காக மெளலானா ஆஸாதும் பிற்காலத்தில் மனம் நொந்து எழுதினார். அப்படியானால், ஒரு கோடி ஜனங்கள் கொண்ட சிறு மாகாணத்தின் பிடிவாதத்தால் நாற்பது கோடி ஜனங்களின் ஒற்றுமை குலைந்ததா?

பாரத்தின் ஒரு பகுதி பர்தோலாயின் தோள்மேல் விழத்தான் செய்கிறது. ஆயினும் அந்தத் திட்டத்தைக் குலைத்த கைகள் பல. லண்டனில் திட்டத்துக்கு ஒரு பொருள், லீகுக்கு ஒரு பொருள், காங்கிரஸுக்கு ஒரு பொருள் என்று ஆரம்பத்திலிருந்தே அது மூன்று நாக்குகளால் பேசியது. பண்டித நேரு ஜூலை 10-ந் தேதி பம்பாயில் பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன வார்த்தைகளும், ஆகஸ்டில் கல்கத்தா வீதிகளில் ஓடிய ரத்தமும் அஸ்ஸாமியர்கள் செய்த காரியங்கள் அல்ல. இவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். சமரசத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த விலையைச் சென்னை கொடுத்ததா, பம்பாய் கொடுத்ததா? அஸ்ஸாமின் வீட்டையல்லவா விலையாக வைத்தார்கள்! 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறது. அந்தத் தாராளத்தைப் பர்தோலாய் மறுத்தார்.

சில்ஹெட் விஷயத்தில் அவரைப் பற்றி நமக்கு அவ்வளவு திருப்தி இல்லை. வங்காளி மொழி பேசும் இந்த ஜில்லா 1874-இலிருந்து அஸ்ஸாமோடு இணைந்திருந்தது. 1947 ஜூலை 6, 7 தேதிகளில் அங்கே பொதுஜன வாக்கெடுப்பு நடந்தது. கிழக்கு வங்காளத்தோடு சேர 2,39,619 வோட்டுகளும், அஸ்ஸாமோடு இருக்க 1,84,041 வோட்டுகளும் கிடைத்தன. அங்கே இருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வோட்டே அளிக்கப்படவில்லை. சில்ஹெட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கரீம்கஞ்ச் பக்கத்துச் சில தாணாக்கள் மட்டும் தங்கின. சில்ஹெட் போவதைப் பற்றி அஸ்ஸாமியக் காங்கிரஸ்காரர்களில் பலர் உள்ளூர வருந்தவில்லை என்பது மறைக்க முடியாத உண்மை. வங்காளிகளின் தொகை குறைந்தால் அஸ்ஸாமியர் தங்கள் வீட்டில் தாங்களே எஜமானர்களாக இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். 'ஸி' பிரிவை எதிர்க்க வீறுகொண்டு எழுந்த பிரதம மந்திரி, சில்ஹெட்டைக் காப்பதற்கு அதில் பாதி வேகங்கூடக் காட்டவில்லை. சில்ஹெட் ஹிந்துக்கள் ஆயிரமாயிரமாகப் பிறந்த மண்ணை விட்டு வந்தார்கள்.

மைமன்சிங் பக்கத்திலிருந்து வந்து பிரம்மபுத்திரா கரையில் குடியேறிய ஏழை முஸ்லிம் குடியானவர்களின் கதையும் துயரமானதே. மேய்ச்சல் காடுகளில் குடியேறியவர்களை வெளியேற்றும்படி பர்தோலாயின் சர்க்கார் 1946-இல் உத்தரவிட்டது. குடிசைகள் பிரிக்கப்பட்டன. மெளலானா பாஷானி இதை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி நடத்திச் சிறை சென்றார். சர்க்காரின் கட்சி சட்டப்படி சரியாகவே இருக்கலாம். காட்டு நிலத்தையும் பழங்குடிகளின் மேய்ச்சல் நிலத்தையும் காப்பது அவசியமுங்கூட. ஆனால் நிலமில்லாமல் வந்தவன் எங்கே போவான் என்ற கேள்விக்கு அப்போதும் விடை இல்லை. அதன் பிறகு அஸ்ஸாமில் மூண்ட எத்தனையோ கிளர்ச்சிகளுக்கு இந்தக் கேள்வியே வித்து.

கழுத்து நரம்பு

சுதந்திரம் வந்த அன்று அஸ்ஸாம் ஏறக்குறைய ஒரு தீவாகிவிட்டது. கல்கத்தாவுக்குப் போகும் ரயில் பாதை இப்போது அந்நிய நாட்டின் வழியாகப் போயிற்று. தேயிலைப் பெட்டிகள் போகவும் உப்பும் துணியும் வரவும் பழைய வழி பாகிஸ்தானில் இருந்தது. சிலிகுரிக்கு அருகே கழுத்து நரம்பு போல் ஒரு சிறு நிலத்துண்டுதான் அஸ்ஸாமை இந்தியாவோடு பிணைத்தது. அதன் வழியே, ஆஸ்தாக்களையும் காடுகளையும் தாண்டி, டீஸ்டா, தோர்ஸா, ஸங்கோஷ் நதிகளுக்குப் பாலம் போட்டு, 142 மைல் நீளத்துக்கு ரயில் தொடர்பு அமைத்தார்கள். சுமார் இரண்டே வருஷங்களில் வேலை முடிந்து, 1950 ஜனவரி 26-ந் தேதி, குடியரசு பிறந்த அன்றே, அதில் பிரயாணிகள் வண்டி ஓடியது. இது மத்திய சர்க்காரின் எஞ்சினீயர்களுடைய சாதனை.

பர்தோலாயின் சொந்தச் சாதனைகள் வேறு. திப்ருகரில் 1947-இல் மருத்துவக் கல்லூரி, 1948-இல் கௌஹாத்தி சர்வகலாசாலை, அதே வருஷம் ஏப்ரலில் ஹைகோர்ட். நகரசபை அங்கத்தினராக இருந்த நாளில் கேட்டதை, பிரதம மந்திரியானதும் தம் கையாலேயே நிறைவேற்றிக்கொண்டார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குவிந்த அகதிகளை ஏற்பது பற்றி டில்லிக்கும் ஷில்லாங்குக்கும் கடிதப் போர் நடந்தது. இன்னும் அதிகம் பேருக்கு இடம் கொடுங்கள் என்று பண்டித நேரு வற்புறுத்தினார். எங்கள் ஏழைகளுக்கே நிலம் போதவில்லை என்று பர்தோலாய் பதில் எழுதினார். நேருவிடம் பயபக்தி இருந்ததே தவிர, பயம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மலைமேல் இருந்தவர்கள்

பர்தோலாயின் பெயர் அரசியல் சட்டத்தில் நிலைத்திருப்பது இவை எதனாலும் அல்ல, மலைஜாதியாரின் விஷயத்தினால்தான். காஸி, காரோ, லூஷாய், நாகா, மிக்கிர் முதலிய மலைவாசிகளைப் பிரிட்டிஷார் தனி வேலி போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டால் அஸ்ஸாமியன் எஜமானனாக வந்துவிடுவானோ என்ற பயம் மலையெங்கும் பரவியிருந்தது. வங்காளம் தன்னை விழுங்கிவிடும் என்று எந்த மனிதர் பயந்தாரோ, அதே மனிதரைப் பார்த்து, "நீங்கள் எங்களை விழுங்கிவிடுவீர்கள்" என்று மலைவாசிகள் சொன்னார்கள்!

அரசியல் நிர்ணய சபை இதற்காக ஓர் உபகமிட்டியை நியமித்தது. தலைவர் பர்தோலாய். ஹரிஜன சேவையிலும் ஆதிவாசி சேவையிலும் ஆயுளைக் கழித்த தக்கர் பாபா, காஸித் தலைவர் நிக்கல்ஸ் ராய், போடோ சமூகத்தைச் சேர்ந்த ரூபநாத் பிரம்மா ஆகியோர் அங்கத்தினர்கள். 1947-இன் முற்பகுதியில் இவர்கள் மலை மலையாகச் சுற்றினார்கள். ஐஜாலுக்குப் போனார்கள்; கோஹிமாவுக்குப் போனார்கள். நாகர்களோடு உடன்பாடு ஏற்படவில்லை. தங்கள் வழி தனி வழி என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மற்ற மலைகளில் ஜனங்கள் கேட்டதைக் கமிட்டி பொறுமையாகக் கேட்டது. நிலம், காடு, மலைச்சரிவுச் சாகுபடி, வாரிசு, கல்யாணம், கிராமப் பஞ்சாயத்து, வழக்கப்படி நீதி ஆகியவற்றை மலைவாசிகளின் ஜில்லாக் கவுன்ஸில்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சிபாரிசு செய்தது. அதுவே அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணை.

1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, எதிர்த்தவர்களில் முன் நின்றவர்கள் வேறு யாருமல்ல. அஸ்ஸாமைச் சேர்ந்த குலதர் சாலிஹா போன்ற காங்கிரஸ்காரர்களேதான்! இப்படிச் சலுகை கொடுத்தால் மலைகள் பிரிந்துபோய்விடும் என்றார்கள். டாக்டர் அம்பேத்கரும் நிக்கல்ஸ் ராயும் பதில் சொன்னார்கள்; பர்தோலாயும் பதில் சொன்னார். பலாத்காரத்தினால் மனிதர்களை ஒன்றாக்க முடியாது. நம்பிக்கையினால்தான் முடியும் என்பது அவர் வாதம். மூன்று வருஷத்துக்கு முன் டில்லியைப் பார்த்து அவர் சொன்னதும் இதுவேதான். தமக்குக் கேட்ட நியாயத்தைத் தம்மிடம் கேட்டவர்களுக்கும் கொடுக்க அவர் மனம் இசைந்தது. அரசியல்வாதிகளிடம் இது அபூர்வம். கொடுத்தது போதுமா என்பது வேறு கேள்வி. ஜில்லாக் கவுன்ஸில்களின் கைக்குப் போதிய பணம் போகவில்லை. கடைசி அதிகாரமும் கவர்னரிடமே தங்கிவிட்டது.

1950 ஆகஸ்ட் 5-ந் தேதி கௌஹாத்தியில் பர்தோலாய் மாரடைப்பினால் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது. சரியாகப் பத்தாவது நாள் அஸ்ஸாமைப் பயங்கரமான பூகம்பம் உலுக்கி, மலைகளைச் சரித்து, பிரம்மபுத்திராவின் படுகையையே மாற்றிவிட்டது. புதிதாக முதல் மந்திரியான விஷ்ணுராம் மேதிக்குத் துக்கம் கொண்டாடவும் நேரமில்லை. 'லோகப்பிரிய' என்ற அடைமொழியோடு ஜனங்கள் பர்தோலாயை நினைவு கூர்ந்தார்கள். பாரத ரத்தினம் என்ற விருது அவருக்கு 1999-இல்தான் அளிக்கப்பட்டது. ஸ்ரீராம்பூர் கிராமத்தில் மகாத்மாஜியின் முன் போய் உட்கார்ந்த இருவரில் ஒருவரான மகேந்திர மோகன் சௌதரி, 1970-இல் அஸ்ஸாமின் முதல் மந்திரியானார். அவருடைய ஆட்சியின் கடைசி நாட்களில், 1972 ஜனவரி 21-ந் தேதி, காஸி, காரோ, ஜயந்தியா மலைகள் மேகாலயம் என்ற தனி ராஜ்யமாயின. பர்தோலாய் உட்கார்ந்து ஆண்ட ஷில்லாங் அதன் தலைநகராயிற்று. அஸ்ஸாம் சர்க்கார் கௌஹாத்தியை அடுத்த திஸ்பூருக்கு இறங்கி வந்தது.